பழைய காரின் துருப்பிடித்த சீட் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளைத் தாங்களே சரிசெய்ய விரும்புகிறவர்கள், முன்சீட்டு நகராமல் இறுகிப்போனதும் கேட்கிற கேள்விகள் இவை. பெயின்டுக்கும் குரோமுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட, சீட் முன்னும் பின்னும் நகர்வதற்கான சீட் ரயிலைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஓட்டுகிறவரையும் வண்டியின் தளத்தையும் சேர்த்துப் பிடிப்பது அந்த இரண்டு தகட்டுப் பட்டைகள்தான். சீட் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் வசதி. நகர்த்திய இடத்தில் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால்தான் பாதுகாப்பு. எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

சீட் ரயிலில் என்னென்ன பாகங்கள் இருக்கும்?

தளத்தில் போல்ட் போட்டு நிற்பது கீழ் ரயில். சீட் சட்டத்தோடு சேர்ந்து நகர்வது மேல் ரயில். இரண்டின் ஓரங்களும் உள்பக்கமாக மடிந்து ஒன்றையொன்று கவ்வியிருக்கும். நடுவில் பால்ரஸ் குண்டோ, சிறிய உருளையோ, நைலான் துண்டோ ஓடும். ஒரு பக்கம் லிவர் இருக்கும். அதன் முனை கீழ் ரயிலின் துளையிலோ பள்ளத்திலோ விழுந்து பூட்டும். லிவரை மறுபடி பூட்டு நிலைக்கு இழுப்பது ஒரு சிறிய ஸ்பிரிங். பெஞ்ச் சீட் வண்டிகளில் இரண்டு பக்கப் பூட்டும் சேர்ந்து திறக்கும்படி நடுவில் கம்பியோ தண்டோ இணைத்திருப்பார்கள்.

வண்டிக்கு வண்டி இது மாறும். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். அதனால் கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துவிடுங்கள். இடது ரயில், வலது ரயில், முன்பக்கம், பின்பக்கம் என்று பெயின்ட் மார்க்கரால் எழுதியும் வையுங்கள்.

வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது, மழையில் நனைவதே இல்லை. துரு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் கால் மிதியடிக்குக் கீழிருந்து. முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் டேஷ்போர்டின் பின்புறமாக இறங்கித் தளத்தில் தேங்கும். கதவின் அடி ரப்பர், காற்றுத் துவாரத்தின் வடிகால், தளத்து ஓட்டைகளை மூடும் ரப்பர் மூடிகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மேலே ரப்பர் பாய், அதன் கீழே சணல் அல்லது பஞ்சு விரிப்பு. மேலிருந்து பார்த்தால் காய்ந்திருக்கும், அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். சீட்டுக்குள் ரப்பர் ஏற்றிய தென்னை நார் இருந்தால் அதுவும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் கடற்காற்றின் உப்பும் சேர்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையே பெய்யாத மாதத்திலும் துரு நிற்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியாக இருந்தால் ரயில் மடிப்புக்குள் சேறும் போயிருக்கும். அதை ஊதியோ துடைத்தோ எடுக்க முடியாது, பிரித்துத்தான் ஆகவேண்டும்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். இரண்டு ரயிலுக்கும் இடையே இருப்பதோ மிகச் சிறிய இடைவெளி. அதைத் துரு நிரப்பி, தகட்டையே உள்ளிருந்து அழுத்துகிறது. சீட் இறுகுவது இதனால்தான். மேலே எவ்வளவு எண்ணெய் தெளித்தாலும் உடனே விடாததும் இதனால்தான்.

சீட் நடுவில் மாட்டிக்கொண்டது. முன் போல்ட்டும் எட்டவில்லை, பின் போல்ட்டும் எட்டவில்லை. எப்படிக் கழற்றுவது?

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சீட்டை முன்னால் தள்ளினால்தான் பின் போல்ட் தெரியும், பின்னால் தள்ளினால்தான் முன் போல்ட் தெரியும். நடுவில் நின்றுவிட்டால் இரண்டும் மறைந்துவிடும்.

முதலில் வாக்குவம் கிளீனரால் மண்ணை எடுங்கள். மண்ணோடு எண்ணெய் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். பிறகு ரயிலின் இரு முனைகளிலும் பக்கவாட்டு இடுக்குகளிலும் பெனிட்ரேட்டிங் ஆயில் விடுங்கள். டபிள்யூடி-40 கையில் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டுக்கென்றே விற்கும் எண்ணெய்கள் ஆழமாக இறங்கும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விடுவது மெக்கானிக்குகள் பலர் கையாளும் வழி. நன்றாகவே வேலை செய்யும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ரெக்சினையும் பெயின்டையும் கரைக்கும். துணி விரித்து, கதவுகளைத் திறந்துவைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

விட்டதும் தள்ளிப் பார்க்காதீர்கள். ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் மறுபடி விட்டு இன்னும் ஓர் இரவு. பிறகு லிவரைத் தூக்கி, பூட்டு முனை உண்மையிலேயே துளையை விட்டு வெளியே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரயில் இறுகிவிட்டது என்று நினைக்கும் பல வண்டிகளில் இறுகியிருப்பது பூட்டுதான். முனை வெளியே வரவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டுதான் சீட்டைத் தள்ளவேண்டும்.

தள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேல் ரயிலின் முனையில் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். முன்பக்கம் நாலு தட்டு, பின்பக்கம் நாலு தட்டு. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், மறுபடி எண்ணெய் விட்டுத் தொடருங்கள். இடதும் வலதும் மாறி மாறித் தட்டவேண்டும், இல்லாவிட்டால் சீட் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் உதைப்பவர்கள் உண்டு. சீட் சட்டம்தான் வளையும், ரயில் அசையாது.

இத்தனைக்கும் விடவில்லை என்றால், மெத்தையை எடுத்துவிட்டு சீட் சட்டத்தை மேல் ரயிலிலிருந்து கழற்ற முடிகிறதா பாருங்கள். சட்டம் வந்துவிட்டால் ரயில் மட்டும் தளத்தில் நிற்கும், போல்ட் எல்லாம் கைக்கு எட்டும். கிரைண்டரால் வெட்டுவது கடைசி வழி. வெட்டும்போதும் ரயிலை விட்டுவிட்டு போல்ட் தலையை வெட்டுங்கள். போல்ட் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், ரயிலைத் தேடி ஊர் ஊராக அலையவேண்டும்.

மெக்கானிக் கேஸ் டார்ச்சால் சூடாக்கிக் கழற்றலாம் என்கிறார்.

வண்டிக்குள் வேண்டாம். சீட்டின் பஞ்சு, பாயின் அடிவிரிப்பு, வயரிங் எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. பெட்ரோல் குழாய் தளத்துக்கு அடியில் போகிறது. பாலியுரேத்தேன் பஞ்சு எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். ரயிலை வெளியே எடுத்து, எண்ணெய் துடைத்துவிட்டு, பட்டறை மேசையில் சூடாக்குவது வேறு விஷயம். அங்கேயும் ஸ்பிரிங்கும் பூட்டு முனையும் இருக்கும் இடத்தில் நெருப்பு படக்கூடாது. கெட்டிப்படுத்திய எஃகு சூட்டில் இளகிவிடும்.

13 ஸ்பேனர் போட்டால் வழுக்குகிறது. போல்ட் தலை உருண்டுகொண்டே வருகிறது.

ஸ்பேனரை உடனே எடுத்துவிடுங்கள். அம்பாசடர், மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த வண்டி. ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஆங்கிலேய வண்டியின் வழிதான். இவற்றில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும். 5/16 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவில் நெருக்கமான மரை உள்ள வகை) போல்ட்டின் தலை 1/2 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் கிட்டத்தட்ட உட்காரும். புது போல்ட் என்றால் அந்தச் சின்ன இடைவெளி பெரிதில்லை. துருவேறி இளைத்த தலையில் அதுவே மூலையைத் தின்றுவிடும். 1/2 அங்குல ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முனை பாக்ஸ் துருப்பிடித்த தலைக்கு ஆகாது.

பத்மினி, ஃபியட் 1100-இன் வாரிசு. அதில் மெட்ரிக் போல்ட், எம்8-க்கு 13 மி.மீ. ஸ்பேனர் சரியாகப் பொருந்தும். ஆனாலும் நாற்பது ஐம்பது வருடம் எத்தனையோ கைகள் மாறிய வண்டிகள் இவை. ஒரே சீட்டில் மூன்று அங்குல போல்ட்டும் ஒரு மெட்ரிக் போல்ட்டும் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

மாட்டும்போது இதைவிடக் கவனம் தேவை. 5/16 யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8-இன் விட்டம் 8 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்று. மரையின் இடைவெளியோ முன்னதில் ஏறத்தாழ 1.06, பின்னதில் 1.25 மி.மீ. தளத்தில் பற்றவைத்த நட்டில் தவறான போல்ட்டை முறுக்கி ஏற்றினால் இரண்டு சுற்று போகும், இறுகியதுபோலத் தோன்றும், மரை அறுந்திருக்கும். கையால் மூன்று நான்கு சுற்று எளிதாகப் போகாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

போல்ட்டைத் திருகினால் அடியிலுள்ள நட்டும் சேர்ந்து சுற்றுகிறது.

பற்றவைத்த நட்டு விட்டுப்போயிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஒருவர் கிரிப் பிளையரால் நட்டைப் பிடிக்க, மேலே ஒருவர் திருகவேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது, வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும். நட்டு விட்டுப்போன இடத்தில் தளமும் நைந்திருக்கும் என்பதால் அடுத்த கேள்வி உங்களுக்கும்தான்.

ரயிலைக் கழற்றினால் அடியில் தளமே சல்லடையாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

ரயில் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தளத்தைப் பாருங்கள். எவ்வளவு அழகாகச் சரிசெய்த ரயிலானாலும் அது மாட்டியிருக்கும் தகடு தாங்கும் அளவுக்குத்தான் தாங்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் போல்ட் துளையைச் சுற்றி ஓரடி தூரத்துக்கு அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், தகடு கரகரவென்று உதிர்ந்தால், அந்தப் பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கவேண்டும்.

டின்கரிங் கடையில் சிலர் ஓட்டைக்கு மேல் தகட்டை வைத்து ரிவெட் அடித்து, மேலே தார் பூசிக் கொடுப்பார்கள். சீட் மாட்டும் இடத்தில் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பற்றவைத்த பிறகு போல்ட் வரும் ஒவ்வொரு இடத்திலும் தளத்துக்கு அடியில் 3 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அளவு தாங்கு தகடு வைக்கச் சொல்லுங்கள். இழுவிசை ஒரே புள்ளியில் விழாமல் அகலமாகப் பரவும்.

ரயில் தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது?

வயர் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருப்பது பரவாயில்லை. மடிந்த ஓரத்தில் விரிசல் இருந்தால் தேறாது. போல்ட் துளை நீளவாக்கில் இழுபட்டிருந்தாலும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளை தெரிந்தாலும் தேறாது. வெர்னியர் இருந்தால் துரு ஏறாத இடத்தின் தடிமனையும் மோசமான இடத்தின் தடிமனையும் அளந்து பாருங்கள். கால்பங்குக்கு மேல் இளைத்திருந்தால் நான் அந்த ரயிலை மறுபடி மாட்டமாட்டேன்.

பூட்டுத் துளைகளைத் தனியாகப் பாருங்கள். ஓட்டுகிறவர் எப்போதும் வைத்திருந்த ஒன்றிரண்டு துளைகள்தான் தேய்ந்திருக்கும். சதுர விளிம்பு உருண்டு சரிவாகிவிட்டால் முனை மேலே வழுக்கி ஏறும். நவீன கார் சீட்டுகளுக்கான ஐ.நா. விதிமுறை 17-இல், சீட்டும் அதன் பூட்டும் முன்னும் பின்னும் 20 ஜி விசையை, அதாவது தன் எடையைப்போல் 20 மடங்கை, தாங்கவேண்டும் என்று இருக்கிறது. 18 கிலோ எடையுள்ள சீட் அந்த நொடியில் 360 கிலோவாக இழுக்கும் என்று பொருள். நம் பழைய வண்டிகள் அந்தச் சோதனைக்கு உட்பட்டவை அல்ல. ஆனால் மோதல் நடந்தால் அவற்றின் ரயிலிலும் இதே இழுப்புதான் வரும்.

துருவை எடுக்க எது நல்லது? வினிகர், எலுமிச்சை உப்பு, மின்சார முறை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்றும் வேலை செய்யும். எதைத் தொடுவதற்கு முன்பும் ஸ்பிரிங்கையும் கெட்டிப்படுத்திய பூட்டு முனையையும் கழற்றித் தனியே வையுங்கள். அமிலத்திலும் மின்சாரத் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் கெட்டி எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஒருநாள் சட்டென்று முறியும். அவற்றுக்கு மண்ணெண்ணெய், வயர் பிரஷ், எமரி தாள் போதும்.

கிடைப்பதிலும் விலையிலும் எளிது எலுமிச்சை உப்பு. அதுதான் சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையிலேயே இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்து, ரயில் முழுவதும் மூழ்கும்படி நீளமான பிளாஸ்டிக் தொட்டியில் போடுங்கள். பி.வி.சி. குழாயின் ஒரு முனையை மூடி நிமிர்த்தி வைத்தாலும் ஒரு ரயிலுக்குச் சரியாக இருக்கும், கரைசலும் மிச்சம். சில மணி நேரத்திலேயே துரு இளகும். அவ்வப்போது எடுத்து பிரஷ் போட்டு மறுபடி முக்குங்கள். மறந்து இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். வினிகரும் இதே மாதிரிதான். 5 சதவீத அசிட்டிக் அமிலம் என்பதால் மெதுவாக வேலை செய்யும், ஓர் இரவு முதல் ஒரு நாள் வரை ஆகும்.

மடிப்புக்குள் துரு கெட்டியாக ஏறிய ரயிலுக்கு என் தேர்வு மின்சார முறை. நல்ல இரும்பைத் தின்னாமல் துருவை மட்டும் தளர்த்துவது அதுதான். பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ரயிலில், பாசிட்டிவ் ஏதாவது பழைய இரும்புக் கம்பியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் ரயில்தான் கரையும். கம்பிக்கு நேராக இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் ரயிலின் இரு பக்கமும் கம்பி நிறுத்துங்கள், நடுவில் ஒருமுறை திருப்பியும் வையுங்கள். தானாகவே பேட்டரியைச் சோதித்து அணையும் புதுவகை சார்ஜர்கள் இதற்கு ஒத்துழைக்காது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் வேண்டும்.

இதில் மூன்று எச்சரிக்கை. எவர்சில்வரைப் பாசிட்டிவில் போடாதீர்கள், அதிலிருந்து வரும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. சலவை சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வரும். தொட்டியிலிருந்து எழும் குமிழ் ஹைட்ரஜன், ஒரு பொறி போதும் வெடிக்க. திறந்த வெளியில் வையுங்கள், சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றாதீர்கள்.

எந்த முறையானாலும் எடுத்த அடுத்த நிமிடங்கள்தான் முக்கியம். அமிலத்திலிருந்து எடுத்ததை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் அலசுங்கள். பிறகு வெந்நீரில் அலசுங்கள். சூடான இரும்பு தானே சீக்கிரம் உலரும். துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் மடிப்புக்குள் காற்று அடித்து, உடனே எண்ணெய் தடவுங்கள். சாம்பல் நிறத்தில் பளிச்சென்று வந்த ரயில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் அப்படி.

புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா? கழிப்பறை ஆசிட்?

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. புளியின் அமிலம் இரும்புத் துருவையும் கொஞ்சம் கரைக்கும், ஆனால் உப்பு சேர்ந்தால் குளோரைடு இடுக்கில் தங்கிவிடும். துடைத்த இடத்திலேயே சில நாளில் துரு இன்னும் வேகமாக எழும்பும். கழிப்பறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலும் இதே குளோரைடு. அதோடு அதன் ஆவி பட்டறையிலுள்ள மற்ற இரும்புச் சாமான்களையும் துருப்பிடிக்க வைக்கும். இரண்டும் வேண்டாம். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவும் கூடாது.

துருவைப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசினால் போதாதா?

வெளிப்பக்கம், எட்டாத குழிகள், தளத்தின் ஓரங்கள் ஆகியவற்றுக்கு நல்லது. டானிக் அமிலம் உள்ளவை துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருப்பு எழும்புவதும் இதே வேதிவினைதான். நம் நெசவாளிகளும் ஓவியர்களும் நூற்றாண்டுகளாகக் கையாண்ட ஒன்று டப்பாவில் அடைத்து வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் ரயிலும் ரயிலும் உரசும் முகத்தில் பூசாதீர்கள். படலம் இடைவெளியை அடைக்கும், கொஞ்ச நாளில் உரிந்து தூளாகும்.

மேல் ரயிலையும் கீழ் ரயிலையும் பிரித்தே ஆகவேண்டுமா? குண்டுகள் சிதறிவிடுமே?

நிஜமாகவே சுத்தம் செய்யவேண்டும் என்றால் பிரிக்கவேண்டும். முனையில் நிறுத்தத்துக்கு மடித்த நாக்கு, ரிவெட், சிறிய போல்ட் என ஏதாவது இருக்கும். போல்ட் என்றால் கழற்றுங்கள். நாக்கு என்றால் ஒருமுறை நிமிர்த்தி ஒருமுறை மடிக்கலாம், அதற்குமேல் முறியும். பெரிய தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்து மெதுவாக இழுங்கள். எந்தக் குண்டு எந்த இடத்திலிருந்து வந்தது, எந்த வரிசையில் என்று படம் எடுங்கள்.

குண்டு குழி விழுந்திருந்தால் சைக்கிள் கடையில் பாருங்கள். சைக்கிளின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் 3/16 அங்குலம், பின்சக்கரத்திலும் பெடல் கிராங்க் சுழலும் நடு அச்சிலும் 1/4 அங்குலம். அதாவது 4.76, 6.35 மி.மீ. ரயில் குண்டுகள் பலவற்றுக்கு இந்த அளவுகளில் ஒன்று பொருந்திவிடும். தேய்ந்த குண்டு அளவில் குறைந்திருக்கும், அதனால் இருப்பவற்றில் பெரியதை அளந்து அதற்கு அடுத்த அளவை எடுங்கள். ஒரு ரயிலில் எல்லாக் குண்டுகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் முழு எடையும் அதன் மேல்தான் விழும்.

பவுடர் கோட்டிங் போடலாமா? ஜிங்க் பிளேட்டிங்கா? வெறும் பெயின்டா?

பவுடர் கோட்டிங் ஒரு முகத்தில் மட்டுமே 60 முதல் 80 மைக்ரான் தடிமன் ஏறும். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ரயிலின் இடைவெளி அடைபட்டுவிடும், மாட்டியதும் உரிந்து சுருளாக வரும். சீட் சட்டத்துக்குப் போடுங்கள், ரயிலுக்கு வேண்டாம்.

ஜிங்க் பிளேட்டிங் 8 முதல் 12 மைக்ரான்தான், இடைவெளியைக் கெடுக்காது. அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் செய்யும் கடைகள் உண்டு. ரயில்களைப் பிரித்த நிலையில் மட்டும் கொடுங்கள். சேர்த்தே கொடுத்தால் மடிப்புக்குள் அமிலம் தங்கி உள்ளிருந்து அரிக்கும். ஸ்பிரிங்கையும் பூட்டு முனையையும் கொடுக்கவே வேண்டாம்.

பிளேட்டிங் வசதி இல்லாத ஊரில் வெளிமுகங்களுக்கு எப்பாக்சி பிரைமரும் கருப்பு எனாமலும் அடித்து, உரசும் முகங்களை வெறும் இரும்பாக விட்டு கிரீஸ் தடவினால் போதும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசமும் நல்லது. கிரைண்டரில் வயர் பிரஷ் போடும்போது கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள், கம்பி ஊசிபோல் பறக்கும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா? எந்த கிரீஸ்?

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகும், தூசியைப் பிடிக்கும். விளக்கெண்ணெய் உறையாவிட்டாலும் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். குண்டும் இரும்பும் ஓடும் இடத்துக்கு லித்தியம் கிரீஸ், விரலால் மெல்லியதாக ஒரு பூச்சு. நிறையத் தடவினால் நம் சாலைத் தூசி எல்லாம் அங்கே குடியேறும். நைலான் துண்டுக்கு சிலிகான் கிரீஸ். பூட்டு முனைக்கும் துளைகளுக்கும் கிரீஸ் கூடாது. தூசி சேர்ந்து கெட்டியாகி முனை முழு ஆழத்துக்கு இறங்காமல் தடுக்கும். மெஷின் ஆயில் ஒரு சொட்டு போதும்.

தேய்ந்த பூட்டுத் துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, அரம் போட்டுச் சரிசெய்யலாமா?

நல்ல கை உள்ள வெல்டரும் பொறுமையும் இருந்தால் முடியும். துளையை நிரப்பி, சதுர விளிம்பாக அரம் போட்டு, முனை இடைவெளி இல்லாமல் உட்காரவேண்டும். சூட்டில் ரயில் வளையும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைக்கவேண்டும். ஜிங்க் பூசிய ரயிலில் வெல்டிங் வைத்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலை உண்டாக்கும், பூச்சை முதலில் நீக்கவேண்டும். பூட்டு முனையே தேய்ந்திருந்தால் நிரப்பாமல் லேத் பட்டறையில் புதிதாகச் செய்து கொள்ளுங்கள். மாதிரி கொடுத்தால் செய்துவிடுவார்கள், எஃகு எதுவென்று மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். சாதா இரும்புக் கம்பியில் செய்த முனை சீக்கிரம் மழுங்கும்.

எனக்கு மனதில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் வேறு ரயில்தான் தேடுவேன்.

வேறு ரயில் எங்கே கிடைக்கும்? மாருதி சீட்டையே போட்டுவிட்டால் என்ன?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுச் சாமான் கடைகளையும் கேட்டுப் பார்க்கலாம். அம்பாசடர் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை வந்ததால் அதற்கு உடைத்த வண்டிகளின் சாமான் ஓரளவு கிடைக்கும். ஹெரால்டு சென்னையிலேயே தயாரானது என்றாலும் இப்போது தேடுவது கடினம். பழைய ரயில் வாங்கும்போது இடது வலது இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வாங்குங்கள். பூட்டுப் படிகள் பொருந்தாவிட்டால் ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாமல் நிற்கும்.

மாருதியின் தனித்தனி சீட்டுகளை அம்பாசடரிலும் பத்மினியிலும் மாட்டியவர்கள் நிறைய. மாருதி சீட்டும் அதன் ரயிலும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் அதில் தவறில்லை. தவறு வருவது ரயிலுக்கும் தளத்துக்கும் நடுவில் வைக்கும் பிராக்கெட்டில். மெல்லிய பட்டை இரும்பை வளைத்து வைத்தால் மோதலில் அதுதான் முதலில் மடியும். மாட்டுவதானால் பழைய ரயிலையும் சீட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் நீங்களோ, வண்டியை உங்களிடமிருந்து வாங்குபவரோ அதைத் தேடுவீர்கள்.

50 ஆண்டு கடந்த வண்டி. வின்டேஜ் பதிவுக்கு இந்த வேலை தடையாகுமா?

2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்டு, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருப்பதுதான் வின்டேஜ் வண்டி. அசல் ரயிலைத் துரு நீக்கி மாட்டுவது அப்படிப்பட்ட பெரிய மாற்றத்தில் வராது. தளத்தை வெட்டி ஒட்டுவதாக இருந்தால் வேலைக்கு முன்னும் பின்னும் படங்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மறுபடி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை?

போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் புதிது. போல்ட்டின் வலிமை 8.8 கிரேடு, அங்குல போல்ட் என்றால் அதற்கு இணையானது. எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காதே என்று அதைப் போட நினைப்பார்கள். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அது தன்னைச் சுற்றியுள்ள சாதா இரும்பைத்தான் வேகமாக அரிக்க வைக்கும். போல்ட் துளையைச் சுற்றி சீலன்ட் தடவினால் சக்கரம் அடிக்கும் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறாது.

நான்கு போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் இறுக்குங்கள். சீட்டை முன்கோடி முதல் பின்கோடி வரை பல தடவை நகர்த்துங்கள். இரண்டு ரயிலும் தாமாகவே ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். எங்காவது பிடித்தால் ரயில்களுக்கு இடையே முன்முனையிலும் பின்முனையிலும் அளந்து பாருங்கள், தளம் கோணியிருந்தால் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். பிறகுதான் முழு இறுக்கம். எம்8 என்றால் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்.

அடுத்தது பூட்டுச் சோதனை. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் லிவரை விட்டதும் முனை தானாக, கையால் தள்ளாமல், முழு ஆழத்துக்கு விழவேண்டும். டார்ச் அடித்து இருபக்கமும் பாருங்கள். பெஞ்ச் சீட்டில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யவேண்டும். உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பின்னால் பலமாக உந்துங்கள், பிறகு முன்னால். இன்னொருவர் பின்னாலிருந்து சீட்டைக் குலுக்கட்டும். இரும்பில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டாலும் விடாதீர்கள், காரணம் தேடுங்கள். அதன்பிறகு ஆளில்லாத மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் போய் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். மேட்டில் கிளம்பும்போது ஓட்டுநர் சீட் பின்னால் ஓடிவிட்டால் கால் பிரேக்கை எட்டாது, கை பிடிமானத்துக்கு ஸ்டியரிங்கை இழுக்கும். அந்த நிலைமை மைதானத்திலும் வரக்கூடாது, சாலையிலும் வரக்கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்?

மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒருமுறை. பாயையும் அடிவிரிப்பையும் தூக்கி வெயிலில் போடுங்கள், தளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், ரயிலைத் துடைத்துப் புது கிரீஸ் தடவுங்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் மாதம் ஒருமுறை சீட்டை முழுத் தூரம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வேறொருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தால், சாவி போடும் முன் சீட்டைக் குலுக்கிப் பூட்டைச் சரிபாருங்கள்.